அம்புரோஸ் என்று கூப்பிட்டபோது

புக்கிட் ரோத்தான்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள மச்சான் எலியட் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை பிளோரன்சும் செலீனாவும் இங்கே சுகம். தஞ்சோங் காராங்கில் நீங்களும் மவுரீன் அக்காவும் மகன் இயனும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். என் பிரஷரும் சுகம்தான். அந்தக் கதை பிறகு வரும்.

செலீனாவுக்கு ராவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் இயனுக்கும் இண்டர்வியூ இருப்பதால் விவரம் கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, இண்டர்வியூ என்றால் ஊமையாகிவிடும். முன்பு போன இரண்டு இடத்திலும் வாயே திறக்காமல் திரும்பி வந்து அழுதது. இதுவும் போனால் இனி எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது. பெற்ற மனது கேட்குமா? குசினி மேசையில் டை கட்டிக்கொண்டு நானே மேனேஜராக உட்கார்ந்தேன். "உனக்கு ஏம்மா வேலை குடுக்கணும்?" என்று நான் கேட்க, "டீ ஆறுதுப்பா, குடிங்க" என்றது பிள்ளை. அடுப்படியிலிருந்து உங்கள் தங்கை, "அந்த டையை அவுருங்க, மீன்கொழம்புல விழுது" என்றாள். இப்படித்தான் தினமும் பயிற்சி நடந்தது.

இண்டர்வியூ அன்றைக்கு நானும் கூடவே போனேன். செலீனா முகம் கழுவப் போயிருந்த நேரம், வரவேற்பில் இருந்த பெண் "அம்புரோஸ்" என்று கூப்பிட்டது. நமக்குத்தான் அப்பன் பேர் பின்னால் வருமே, வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அதையே பிள்ளையின் பேராக்கிவிட்டார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. எஸ்டேட்டில் விடிகாலை ஆளெண்ணும் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்காதவனுக்கு அன்று வேலை கிடையாது. வேலையாட்களைப் பார்க்கும் மண்டோராகி நானே பேர் கூப்பிட்ட பிறகும் அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை, மச்சான். எழுந்தேன், போனேன். நாற்காலியைக் காட்டினார்கள், உட்கார்ந்தேன். பொம்பளைப் பிள்ளை வேலைக்கு வருகிறது, தகப்பனை நாலு வார்த்தை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக்கார மேனேஜர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எனக்குப் பிரஷர் என்பது மட்டும் புரிந்தது. பரவாயில்லை, அக்கறையான மனிதர் என்று நினைத்து, "இருக்கு சார். காலையில மாத்திரை போடுறேன். கருவாட்டையும் விட்டாச்சு" என்றேன். பக்கத்தில் இருந்த கங்கா என்கிற அதிகாரி, நம்ம தமிழ்ப் பிள்ளைதான், பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஐயா, செலீனா நீங்களா?" என்று கேட்டது. அப்போதுதான் கதவருகே செலீனா நிற்பதைப் பார்த்தேன். அந்த முகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

வெளியே வந்து மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே சிரிப்பு. கங்கா பிறகு சொன்னது: மேனேஜர் அதே கேள்வியைக் கேட்டாராம், வேலையில் பிரஷர், அதாவது நெருக்கடி, வந்தால் தாங்குவாயா என்று. செலீனா சொன்னதாம்: "இப்ப வெளிய போனாரே, அவருதான் சார் எங்கப்பா. பொறந்ததிலேர்ந்து அவரு கூடத்தான் இருக்கேன்." அதற்குப் பிறகு பேச்சு நிற்கவே இல்லையாம். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே என் பயிற்சிதான் ஜெயித்தது. இயனுக்கும் கேள்விகள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் மட்டும் வரமாட்டேன். இனி எந்த இண்டர்வியூ வாசலையும் மிதிப்பதில்லை என்று பிளோரன்சுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு, இயனுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அம்புரோஸ்

பி.கு.: மாமா, தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். அந்தக் கேள்வித்தாளை எடுத்துவிட்டேன், அதில் ஒன்றுகூட என் இண்டர்வியூவில் கேட்கவில்லை. ஆனால் இயனோடு அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அன்று நான் உட்கார்ந்தபோது அந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அப்பா உட்கார்ந்த இடம்தானே என்று நினைத்ததும் என் பயம் போய்விட்டது. அங்கே "எலியட்" என்று கூப்பிட்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள். அதற்கும் அப்பாதான் முதலில் எழுந்திருப்பார். – செலீனா