கமாண்டோவின் கத்தியுறை

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை எந்தத் தொழிற்சாலை வாசலிலும் எங்கள் கமாண்டோவைப் போல ஒருவர் நின்றதில்லை. ராணுவத்தை அவர் பார்த்ததெல்லாம் ஜூஜுவாடி நெரிசலில் சிக்கிய ஒரு ராணுவ லாரியின் பின்பக்கம் மட்டுமே. மீசையோ எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்விட்டிருந்தது.

அவர் கேட் செக்யூரிட்டி, நான் ஸ்டோர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று அவர் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாய், கெலவரப்பள்ளி வாய்க்கால் கிளை பிரிவதுபோல ஓடும். காவலர்களுக்குத் தற்காப்பு சொல்லித்தர டிரெய்னர் தேவை, ஆயுத பூஜை விடுமுறை முடிந்த அன்று பெங்களூர் அதிகாரி நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பார் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். டிரெய்னருக்கு நாற்காலி உண்டு. கமாண்டோவின் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

பயிற்சிக்கென்று அவரே செதுக்கிய மரக்கத்தி ஒன்று வைத்திருந்தார். வெண்ணெய்கூட அதற்குப் பயப்படாது. நடுவில் வயிறு பெருத்து, பிடியருகே இடை சிறுத்து, செதுக்கியவரின் சாயலை விட்டு ஓர் அங்குலம்கூட விலகாத கத்தி.

"இதுக்குத் தோல் உறை தைக்கப் போறேன் சார்."

"மரக்கத்திக்கு எதுக்குங்க உறை? யார வெட்டிடும்?"

"உறை கத்திக்கு இல்ல சார். பாக்கறவனுக்கு."

ஆம்பூர் போய்த் தடித்த தோல் வாங்கி வந்தார். காகிதத்தில் அளவு வெட்டி, தோலைச் சுடுநீரில் ஊறவைத்து, கத்தியின்மேல் போர்த்தி, கரண்டி முதுகால் ஓரமெல்லாம் அழுத்தினார். மெழுகு நூலால் தைத்தார். ஈரத்தோல் கத்தியின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டது. கேன்டீன் ரத்னம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன் சாமி, கொழம்புக் கரண்டிய வாரமா தேடறேன், நீ இங்க செருப்புக்குத் தாலாட்டுப் பாடிட்டிருக்கியா?"

"செருப்பில்ல ரத்னம்மா, ஆயுதம்!"

"அப்ப பூஜைல வை. நாலு பொரி போடறேன், தின்னட்டும்."

விளையாட்டாகச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். லேத், டிரில், ஃபோர்க்லிஃப்ட் வரிசையில், ஈர உறைக்குள் கத்தியோடு, சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைத்துவிட்டார்.

"காயறதுக்குள்ள ரெண்டு மூணு தடவ உருவி உருவிப் போடுங்க, இல்லன்னா புடிச்சிக்கும்" என்றேன்.

"பூஜைல வெச்சத இடையில தொடலாமா சார்? நீங்களே இப்பிடிச் சொல்றீங்க!"

விடுமுறை முழுக்க ஓசூர் வெயில் தன் வேலையைச் செய்தது. மரம் நீர் குடித்து உப்பியது. தோல் காய்ந்து இறுகியது.

அதிகாரி வந்தார். காவலர்கள் வரிசையில் நின்றார்கள். "எதிரி இப்படித்தான் வருவான்!" என்று முழங்கிய கமாண்டோ, பெல்ட்டில் மாட்டிய உறையிலிருந்து கத்தியை உருவப் போனார். வரவில்லை. மறுபடி இழுத்தார். பெல்ட் சுழன்றது, பக்கிள் முதுகுக்குப் போனது, சட்டை வெளியே வந்தது. மூன்றாவது இழுப்பில் கால்சட்டையும் கிளம்பத் தயாரானதால் இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டார். உறையின் பெல்ட் வளையம் அறுந்து, வலக்கையில் உறையோடு வந்தது கத்தி. கேன்டீன் ஜன்னலில் ரத்னம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"என்னப்பா இது? கத்திய எடுக்கவே இல்லையே?" என்றார் அதிகாரி.

கமாண்டோ நாற்காலியை நினைத்திருக்க வேண்டும்.

"சேஃப்டி சார்! பயிற்சியில கத்தி உறைய விட்டு வரவே கூடாது. அதான் மொதப் பாடம்."

எங்கள் கம்பெனியில் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கதவுகள் தாமாகத் திறக்கும். மெஷினில் விரல் போனவன் கேட்டால் மட்டும் திறக்காது. அதிகாரி கைதட்டினார். அடுத்த வாரமே, பயிற்சிக் கத்திகள் அனைத்தும் கழற்ற முடியாத உறையில்தான் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது.

நாற்காலியும் வந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, கால்களை நீட்டினார். வீரவசனம் ஒன்றுகூட வரவில்லை. கண்களை மூடிக்கொண்டார். ரத்னம்மா டீயை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள்.

ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான சாமல்பட்டிக்குக் கிளம்பும்போது அந்த உறையைக் கத்தியோடு என் கையில் திணித்தார். "எதிரி வந்தா காமிங்க சார், ஓடிருவான்."

தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் இளகிக் கத்தி வந்துவிடும், எனக்குத் தெரியும். ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறேன். சாரல் அடித்தால் எழுந்துபோய்த் தள்ளி வைக்கிறேன்.