விபத்தின்றி நூறாவது நாள்

பாதுகாப்பு என்பது இந்த உலகத்தில் எங்காவது முழுமை பெற்றிருக்கிறது என்றால், அது பளையில், பெரிய வீதியோரம் இருக்கும் கிருசாந்தனின் உடற்பயிற்சி நிலையத்தில்தான். அங்கே பயிற்சி கொடுக்கும் சுமித்திராவுக்கு மட்டும் இந்தப் பெருமை விளங்கவில்லை. தோள் பயிற்சி இயந்திரத்தின் கம்பி நைந்து மூன்றே புரியில் நிற்கிறது என்று ஒரு மாதமாகக் கிருசாந்தனை அரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, கம்பியை மாத்துங்கோ. ஆருக்கும் மேல விழப்போகுது."

"அதுக்குத்தானே தங்கச்சி, 'தர மற்றும் பாதுகாப்புக் குழு' அமைச்சிருக்கிறம்."

குழு நான்கு முறை கூடியது. முதல் கூட்டத்தில் தலைவர் தெரிவானார். இரண்டாவதில் உபதலைவர் கோபித்துக்கொண்டார். மூன்றாவதில் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். நான்காவதில் கம்பி ஏகமனதாக "அவதானிக்கப்பட்டது". கூடவே வாசலில் ஒரு முழ நீளப் பலகையும் ஏறியது: "விபத்தின்றி 96 நாட்கள்." நூறாவது நாளுக்கு விழா, பிரதம விருந்தினர், பொன்னாடை எல்லாம் முடிவாயிற்று.

அந்த நாளும் வந்தது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். இயந்திரத்தை மறித்துச் சுமித்திரா போட்டிருந்த கதிரையை அழகு கெடுகிறதென்று அகற்றிவிட்டு, இயக்கிக் காட்ட மீனம்மாவை இருத்தினார்கள். தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துப் பிழைப்பவர். தோள் நோவுக்காக வந்து சேர்ந்தவர்.

"அக்கா, தொடாதேங்கோ," என்று சுமித்திரா ஓடி வருவதற்குள் கம்பி அறுந்தது. இரும்புச் சட்டம் மீனம்மாவின் முன்கையில் விழுந்தது. கைதட்டுவதா விடுவதா என்று பிரதம விருந்தினர் தலைவரைப் பார்த்தார்.

கிருசாந்தன் லேசில் பதறுகிற நிர்வாகி அல்ல. "கெதியா வெளியில தூக்குங்கோ. படிக்கு அங்கால எண்டா அது வீதி விபத்து."

தூக்கிக் கிடத்தினார்கள். குழு நின்ற நிலையிலேயே ஐந்தாவது முறை கூடி, "உபகரணம் தன்னிச்சையாகக் கீழிறங்கியது" என்று பதிந்தது. பலகையில் 100 ஏறியது.

"தேங்காய் உரிக்கிற கை, பிள்ளை. இனி என்னத்தைச் செய்வன்," என்று மீனம்மா அழுதார்.

சுமித்திரா முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே விளக்குத் திரியும் கற்பூரமும் இருந்தன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டிலிருந்த பொன்னாடையை உருவினாள். வாசல் பலகையைக் கழற்றினாள்.

"அதை விடும், இன்னும் படம் எடுக்கேல்லை," என்றார் கிருசாந்தன்.

"ஆஸ்பத்திரியில வந்து எடுங்கோ."

முறிந்த கையோடு பலகையை வைத்து, பொன்னாடையால் சுற்றிக் கட்டி, மீனம்மாவை ஓட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "அம்மா, எங்க நடந்தது விபத்து?"

மீனம்மா பொன்னாடையை விலக்கிப் பலகையைக் காட்டினார்.

"இதில வாசிச்சுப் பாருங்கோ ஐயா. நடக்கேல்லையாம்."