அதீடியஸ் மேல் ஒரு வழக்கு

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: செனட்டர் அதீடியஸ், அவர் மனைவி நோனியா, வாயில் காக்கும் அடிமை திரோமோ, லிக்கியாவிலிருந்து வந்த தூதர் ஹெர்மாகொராஸ், அவருடைய தோழர் இருவர், அதீடியஸின் தம்பி மகனான நான். வேறு எவரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை எங்கள் குடும்பத்துக்குத் தெரியாது.

பெரியப்பா முந்தின ஆண்டு முழுவதும் ரோமின் மாகாணமான லிக்கியாவில் ஆளுநராக இருந்து திரும்பியவர். லஞ்சம் வாங்கவில்லை, விருந்து கேட்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ரோமில் விடிந்ததும் பெரிய மனிதர்களின் வாசலில் வணக்கம் சொல்ல ஆட்கள் காத்திருப்பார்கள். அவர் வாசலில் ஒரு கிழட்டு நாய்தான் நின்றது. அதுவும் எதிர்வீட்டு நாய்.

அந்த எதிர்வீட்டு ஃபன்னியஸ் மீது, தன் மாகாணத்தைச் சுரண்டியதாக வழக்கு. வக்கீல்கள், சாட்சிகள், அழுகிற உறவினர்கள் என்று தெருவே அடைத்துக் கிடந்தது.

"கொள்ளையடிச்சவன் வீட்டுலதான் கலகலப்பு" என்று பெருமூச்சு விட்டார் பெரியப்பா. "திரோமோ, நான் லிக்கியா கோயில் வெள்ளிச் சிலையைத் திருடிட்டேன்னு குளியல் மண்டபத்துல சொல்லிட்டு வா."

திரோமோ போன வேகத்தில் திரும்பினான். "சிரிக்கிறாங்க எஜமான். அவருக்கு அவ்வளவு துணிச்சல் ஏதுங்கிறாங்க."

குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கப்படி பெரியப்பா கறுப்பு அங்கி உடுத்தி ஒரு மாதம் தாடி வளர்த்தார். வீட்டில் சாவு என்று எண்ணிய தெருக்காரர்கள் வாசலில் துக்க அடையாளமான சைப்ரஸ் கிளை கட்டினார்கள். தீட்டுக்குப் பயந்து மீன்காரன்கூடச் சுற்றிக்கொண்டு போனான்.

"ஏங்க, செத்தது நீங்களா, நானா? கேக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள் நோனியா, அன்று காலை கூடத்தில்.

"கேட்டாங்களா? யாரு?" ஆவலாக எழுந்தார்.

"யாரும் கேக்கலை."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. லிக்கியாக்காரர்கள், கையில் புகார் மனுவோடு. பெரியப்பாவின் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். வழக்கை மட்டும் நல்லா பெரிசா போடுங்க!"

நான் தலை குனிந்தேன். எங்கள் குலத்தில் எவர் மீதும் வழக்கு வந்ததில்லை.

ஹெர்மாகொராஸ் விழித்தார். "உங்க மேல என்ன வழக்குங்க ஐயா? போன வருஷம் எங்களுக்கு ஆளுநரையே அனுப்பலைன்னு ரோம் மேல புகார் சொல்ல வந்திருக்கோம். மனுவை அவையில படிக்க ஒரு செனட்டர் வேணும். எல்லா வீட்டு வாசல்லயும் கூட்டம். இங்கதான் காலியா இருந்துச்சு."

பெரியப்பா அன்று அழுதார் என்று ஊரில் பேச்சு. அழவில்லை. "மனு விசாரணை முடியிற வரைக்கும் தினமும் காலையில வந்துடுங்க" என்றார், அவ்வளவுதான்.