ஹார்மன் இழுத்து மூடிய திரை

இனிமேல் புதன்கிழமைகளில் தன் வீட்டுக்குள் ஈ காக்கை கூட நுழையக் கூடாது என்று ஹார்மன் முடிவெடுத்தார். லேசுப்பட்ட முடிவா அது? வேலையில் இருந்த காலமெல்லாம் கால்வாயில் படகுகளுக்கு மதகு திறந்து மூடிய மனிதர் எடுத்த முடிவு.

பாவம், அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. முன்னறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. வெளியே கால்வாய். கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் போகிற படகு நின்றுவிடும், வீடு நகர ஆரம்பிக்கும். புல்வெளி, மாடுகள், காற்றாலை எல்லாம் மெதுவாகப் பின்னால் போகும். கடல் வாசனை வரும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் புதன்கிழமைக் காபிக்குத் தெருவே திரண்டு வரும். வீடு பழையபடி கரையில் வந்து முட்டும்.

காபி என்றால் பெரிய விருந்தில்லை. ஒரு கோப்பைக்கு ஒரு பிஸ்கட். எடுத்ததும் டப்பாவை டக்கென்று மூடிவிடுவாள் அவர் மனைவி ஃபெனா. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான் சட்டம். ஆனால் பேச்சுக்கு மட்டும் மூடியே கிடையாது.

இது போதாதென்று ஃபெனா ஒரு மாதமாகப் புதுப் பாட்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமையும் கூப்பிடலாம் ஹார்மன். பக்கத்து வீட்டு அல்பர்டாவுக்குப் புருஷன் போனதுலேர்ந்து சனிக்கிழமை நகரவே மாட்டேங்குதாம்."

"குடுத்து வச்சவ. எனக்கு எந்தக் கிழமையும் நிக்க மாட்டேங்குது."

"இப்படியே ஜன்னல்ல உக்காந்திரு. ஒருநாள் தூசி தட்டுறப்ப உன்னையும் சேர்த்துத் தட்டிடப் போறேன்."

செவ்வாய்க்கிழமை ஃபெனா உள்ளே வந்தபோது ஹார்மன் முக்காலி மேல் நின்று திரைச்சீலை வளையங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றே?"

"கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுது."

"இத்தனை வருஷமா மூடவே மூடாத திரை எப்படிக் கீச்சுங்கும்?"

"அது... என் காதுல கேக்குது."

ஃபெனா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் கவலைப்பட வேண்டும் என்று கல்யாணமான முதல் வருடமே ஹார்மன் கற்றிருக்க வேண்டும்.

புதன் காலை ஃபெனா சந்தைக்கு என்று கிளம்பினாள். ஹார்மன் முன்கதவைப் பூட்டினார். அந்தத் தெருவில் யாருமே முன்கதவால் வருவதில்லை, எல்லாரும் பின்கட்டுச் சமையலறை வழிதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. பிறகு திரையை இழுத்து மூடினார். மூடியிருந்தால் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள் என்பது கணக்கு. அந்தத் தெருவில் பட்டப்பகலில் திரை மூடுவது வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான். இதுவும் ஹார்மனுக்குத் தெரியும். கடல் ஆசையில் மறந்துவிட்டார்.

திரைக்குள் வெளிச்சம் பச்சையாகக் கசிந்தது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வீடு நகர்ந்தது. மாடுகள் போயின, காற்றாலை போயிற்று. கடல் வரும் நேரம், சமையலறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"திரையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு," என்றது ஒரு குரல். எதிர்வீட்டு ரூலோஃப். "ஹார்மன் மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டான். வாயே திறக்க மாட்டான். அதனால பொய்யும் சொன்னதில்லை."

டக்.

நான் செத்துவிட்டேனா என்று ஹார்மன் யோசித்தார். வலி ஏதும் தெரியவில்லை. வீடு சுகமாகத்தான் மிதந்துகொண்டிருந்தது.

"வெள்ளரிக்காய் வளர்க்கறதுல அவனை மிஞ்ச ஆளே கிடையாது," என்றார் ரூலோஃப் மறுபடியும். டக். "நல்ல உயரம்." டக்.

தூரத்தில் யாரோ மதகு திறந்து மூடுகிறார்கள் என்று ஹார்மன் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் அல்பர்டாவின் குரல் வந்தது. "என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு என் வாசல் பனியை வாரிப் போட்டது இவர்தான். ஒரு வார்த்தை பேசல. வாரிட்டுப் போயிட்டார். நான் மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்."

இந்த முறை சத்தம் ஏதும் வரவில்லை.

இவ்வளவு அன்பு வைத்திருப்பவர்களையா விரட்டப் பார்த்தேன் என்று ஹார்மனுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிச் சமையலறைக் கதவைத் திறந்தார்.

"நான் சாகலப்பா. இங்கதான் இருக்கேன். சனிக்கிழமையும் வாங்க. எல்லாரும் வாங்க."

செத்தவர் எழுந்து வந்ததற்கு யாரும் திடுக்கிடவில்லை. ஃபெனா மேசையின் தலைப்பக்கம், டப்பா மூடிமேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணீரில் ஹார்மன் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் வழக்கம்போல எல்லாரும் ஒன்றாக எழுந்து போனார்கள். ஹார்மன் இன்னும் மிதந்துகொண்டிருந்தார்.

"எப்படிப் பேசினாங்க பார்த்தியா ஃபெனா?"

"பேசாம? ஒரு நல்ல வார்த்தைக்கு ஒரு பிஸ்கட்னு நேத்தே வீடு வீடாச் சொல்லி வச்சேனே."

ஹார்மன் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது.

"அது அல்பர்டாவோடது. அவ எடுத்துக்கல," என்றாள் ஃபெனா, கொஞ்சம் மெதுவான குரலில்.

ஹார்மன் அதைத் தொடாமல் மூடினார். போய்த் திரையைத் திறந்தார். வீடு கரையில்தான் நின்றது. பரவாயில்லை என்று தோன்றியது.

"அப்போ சனிக்கிழமைக்கு நிறைய பிஸ்கட் சுடணுமே?"

"வேண்டாம். உன்னைப் பத்தி மிச்சத்தை எல்லாம் சும்மாவே சொல்றேன்னு ரூலோஃப் சொல்லிட்டுப் போயிருக்கான்."