இரண்டு பிறை காட்டிய கண்ணாடி

காரில் டயரை மாற்றலாம், சீட்டு உறையை மாற்றலாம், ஓட்டுகிற ஆளையே மாற்றலாம். ரோடு அப்படியேதான் இருக்கும். முன் கண்ணாடியை மட்டும் யோசிக்காமல் மாற்றினால் ரோடே வேறாகிவிடும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒரு நோன்பு மாதத்துச் சாயங்காலம் கூத்தாநல்லூர் ஜமாத்தையே ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி நடுங்க வைத்தவன் நான். (எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆள் யாரென்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.)

அந்த வருடங்களில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். மீதிப் பேர் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். என் லாத்தாவின் (அக்காவை அப்படித்தான் அழைப்போம்) கணவர் சலீம் மச்சான் குவைத்தில் இருந்தார். அவருடைய புது வெள்ளைக் கார் ஊரில் இருந்தது. அதை ஓட்டுகிற பாக்கியம் எனக்கு. விடுமுறை முடிந்து கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்:

"ஜமாலு, விட்டுட்டுப் போற மாதிரியே காரத் திருப்பிக் குடு. அடுத்த விசா ஒனக்குத்தான். ஒரு காரப் பாத்துக்க முடியாதவன அங்க கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது?"

நான் அந்தக் காரைத் துடைத்த துடைப்பில் பெயின்ட் தேயாமல் இருந்தது அதிசயம். ஆனால் விதி மணல் லாரியில் வந்தது. பெருநாளுக்கு மச்சான் வருகிறார் என்று போன் வந்த அதே வாரம், மன்னார்குடி ரோட்டில் முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. கண்ணாடியில் முதலில் ஒரு புள்ளி. வீட்டுக்கு வருவதற்குள் புள்ளி வேர் விட்டு, கிளை விட்டு, ஒரு மரமே முளைத்திருந்தது.

தஞ்சாவூரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் இரண்டு வழி சொன்னார்.

"கம்பெனி கண்ணாடி மெட்ராஸ்லேருந்து வரணும் தம்பி. பெருநாள் தாண்டிடும். இன்னொன்னு இருக்கு, வெளியில செய்யிறது. இப்பவே மாட்டித் தந்துடறேன்."

"பாத்தா வித்தியாசம் தெரியுமாங்க?"

"கம்பெனி கண்ணாடின்னா ஓரத்துல முத்திரை இருக்கும். இதுல இருக்காது. எதுக்கும் சும்மா வெச்சுக் காட்டுறேன், உள்ள உக்காந்து ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற பரம்பரை எங்களுடையது. நானோ கண்ணாடியை வெளியிலிருந்து பார்த்தேன், பளபளத்தது, போதும் என்றேன். என் கவலையெல்லாம் அந்த முத்திரையைப் பற்றித்தான். முத்திரை இருக்க வேண்டிய மூலையில் பேரீச்சை மரம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி ஒட்டினேன். குவைத்திலிருந்து வருகிறவருக்குப் பேரீச்சை மரம் பிடிக்காமல் போகுமா? மெட்ராஸ் கண்ணாடிக்கும் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நீடாமங்கலம் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. மார்கழி. சம்பா வயலிலிருந்து பனி எழுந்து ரோட்டின் மேல் படுத்திருந்தது. எதிரே ஒரு மொபெட்டின் விளக்கு தெரிந்தது. அந்த விளக்குக்குச் சற்று மேலே, அதைவிட வெளிறிய இன்னொரு விளக்கு. மொபெட் நெருங்க நெருங்க மேல் விளக்கும் சேர்ந்தே வந்தது, பின்னால் யாரோ நின்றுகொண்டு வருகிற மாதிரி. என்னைக் கடந்தபோது திரும்பிப் பார்த்தேன். ஓட்டியவர் தனியாகத்தான் போனார்.

அடுத்து வந்த சைக்கிளுக்கும் இரண்டு விளக்கு. வெள்ளை வேட்டியோடு நடந்து வந்தவரின் தோளுக்கு மேல் வெளுத்த இன்னொரு தோள். காரை நிறுத்தி இறங்கினேன். ஒன்றுமில்லை, பனியும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தமும்தான். ஏறி உட்கார்ந்தேன். தூரத்தில் வந்த பஸ்ஸுக்கு நான்கு கண்கள்.

அந்தப் பக்கத்து வயல்காரர்கள் இதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். எங்கள் தெருவில் ஜின். இறங்கினால் மறைகிறது, ஏறினால் வருகிறது. ஆகவே அதற்குக் கார் மேல்தான் ஆசை என்று முடிவு கட்டினேன். (புதுக் காரைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?) கண்ணாடி மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணாடியைச் சந்தேகப்பட்டால் அதைத் தேர்ந்தெடுத்தவனையும் சந்தேகப்பட வேண்டுமே! ஒரு தாயத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஓதிக்கொண்டே ஓட்டினேன். "கார் ஓட்டுறியா, மவுத்தாப் போகத் தயாராவுறியா?" என்று கேட்டாள் லாத்தா, சாகப் போகிறவன் மாதிரி ஓதுகிறேனாம். என் பயம் எனக்குத்தான் தெரியும்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று நானும் லாத்தாவும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் மச்சானை அழைத்து வந்தோம். பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றிப் பார்த்தவர் என் தோளில் தட்டினார். விசாவே தோளில் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. பிறகு பின் சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே தூங்கிவிட்டார். நோன்பு திறக்கிற நேரத்தில் எழுந்து, ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் தூங்கினார்.

ரோடு மேற்கே வளைகிற எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது கூட்டம் வழி மறித்தது. அன்று பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. எல்லோரும் மேற்கே பார்த்து நின்றார்கள். வானம் முழுக்க மூட்டம். அப்போது என் கண்ணுக்கு முன்னால், மூங்கில் தோப்புக்கு மேலே, நகம் கிள்ளிய அளவில் வளைந்த வெளிச்சம் ஒன்று தெரிந்தது.

"பிறை! அதோ பிறை!" ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினேன். பாலத்திலிருந்து செய்தி தெருவுக்குள் ஓடியது. வீடுகளில் பெருநாள் இனிப்பான வட்டலாப்பத்துக்கு முட்டை உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் காருக்குப் பக்கத்தில் வந்தார். "எங்க தம்பி?"

"மூங்கிலுக்கு மேல ஹஜ்ரத்."

அவர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"நான் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"எறங்கி வந்து பாருங்க. வெறும் கண்ணால பாத்தாத்தான் சாட்சி."

இறங்கினேன். மூங்கிலுக்கு மேல் ஒன்றுமே இல்லை, மூட்டம்தான். ஏறினேன். அது அங்கேயே இருந்தது. ஹஜ்ரத் என்னை நகரச் சொல்லிவிட்டு ஓட்டுகிற இடத்தில் தானே உட்கார்ந்தார். கண்ணாடிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"ரெண்டு பிறை தெரியுது."

கூட்டம் காரைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தது. "ஒலகம் அழியப் போவுதா, கியாமத்து நாளோட அடையாளமா?" என்று யாரோ முணுமுணுத்தார். ஒரு கை என் கையை இறுக்கிப் பிடித்தது. பார்த்தால் அது என்னுடைய இன்னொரு கைதான்.

அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டில் மச்சான் விழித்துக்கொண்டார். முன்னால் சாய்ந்து பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். "என்னங்க ஹஜ்ரத், பிறை நெளியுது?" என்றார். இறங்கி முன்னால் வந்து, பேரீச்சை மரத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பி மெதுவாக உரித்தார். அடியில் வெறும் கண்ணாடி.

"ஜமாலு, இது எந்தக் கண்ணாடி?"

உள்ளதைச் சொன்னேன், மணல் லாரியிலிருந்து ஆரம்பித்து. ஹஜ்ரத் சிரிக்காமலே இறங்கினார். "முத்திரை இல்லாத சாட்சி செல்லாது. நாளைக்கும் நோன்புதான், எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

தோப்புக்குப் பின்னால் இருக்கிற ரைஸ் மில் விளக்குதான் மட்டக் கண்ணாடியில் வளைந்து தெரிந்திருக்கும் என்று பேசி முடித்தார்கள். உடைத்த முட்டையோடு ஊரே என்னைத் திட்டியது. மச்சான் திட்டவில்லை. அந்த விசாவில் என் சித்தப்பா மகன் போனான். அவனை அதே காரில் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, திரும்பி வரும் வழியில் அழுதேன்.

பெருநாள் கழிந்து மெட்ராஸ் கண்ணாடி வந்தது. மாட்டிய அன்றே மொபெட்டுகள் ஒற்றை விளக்கோடு போயின. தாயத்தைக் கழற்றினேன். அப்புறம் ஒரு நாள் ரைஸ் மில் மேஸ்திரியைக் கடைத்தெருவில் பார்த்து, உங்கள் விளக்கால் என் விசா போச்சே என்றேன்.

"எங்க வெளக்கா? பிறை பாத்த அன்னிக்கா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அன்னிக்கு மத்தியானமே கரண்டு போச்சு பாய். மில்லப் பூட்டிட்டு எல்லாரும் போயிட்டோம். அந்தப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் கெடையாது."

வீட்டில் இதைச் சொன்னால், தப்பித்துக்கொள்ளப் புதுக் கதை கட்டுகிறேன் என்கிறார்கள்.

மச்சான் இப்போது ஊரோடு வந்துவிட்டார். வருடா வருடம் பிறை பார்க்கப் பாலத்துக்குப் போகும்போது பின் சீட்டிலிருந்து கேட்பார்: "ஜமாலு, ஒன்னா, ரெண்டா?" பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் காரை நிறுத்தி, இறங்கி, வெறும் கண்ணால் மேற்கே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். கண்ணாடி வழியாக மூங்கில் தோப்புப் பக்கம் மட்டும் இன்றுவரை நான் பார்ப்பதில்லை.