எனிட் அத்தைக்கு ஓர் அறை

"இதுவுமா சார்?" என்றான் ரோலண்ட், வால்நட் மரத்தை அண்ணாந்து பார்த்து.

"இதுவும்தான். இனிமே ஒரு கிளையைத் தொட்டாக்கூட கேஸுதான்," என்று நகரமன்றத்தின் மர அதிகாரி பிரிட்சர்ட் மரப் பாதுகாப்பு ஆணையை நீட்டினார்.

வாசல் ஓக் மரம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்று வீடு வாங்கும்போதே வக்கீல் எச்சரித்திருந்தார். தோட்டம் பெரிதாயிற்றே என்றுதான் ரோலண்ட் துணிந்தான். அங்கே மாமியார் எனிட்டுக்கு ஓர் அறை கட்டவேண்டும். அவனுக்கு வேலை போன காலத்தில், அவனையும் மனைவி மேவிஸையும் தன் வீட்டில் வைத்து, முகம் சுளிக்காமல் ஆக்கிப் போட்ட புண்ணியவதி அவள். ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் அவள் தனியாகக் கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் போட்டான்.

"வால்நட்டும் போச்சு அத்தை. கவலைப்படாதீங்க, பின்னால பேரி மரத்தை வெட்டிட்டு அங்க கட்டிடறேன்."

"எனக்காக எதுக்குப்பா சிரமம்? நான் இங்க சௌக்கியமா இருக்கேன்." பின்னணியில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். "பிங்கோ ஆட்டம் ஆரம்பிச்சிட்டாங்க, வெச்சிடறேன்."

ரோலண்ட் உருகிப்போனான். சிரமப்படாதே என்றால் சீக்கிரம் ஆகட்டும் என்று அர்த்தம். இங்கிலாந்தில் வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது?

அந்த வாரமே பேரி மரத்துக்கும் ஆணை வந்தது.

"பக்கத்து வீட்டு டாட்டர்சல்தான் போட்டுக் கொடுக்கறான்," என்று பல்லைக் கடித்தான்.

"நேரா கேட்டுடேன்," என்றாள் மேவிஸ்.

"நேராவா? நாம என்ன பிரெஞ்சுக்காரங்களா?"

கேட்கவில்லை. வேலிக்கு மேல் டாட்டர்சலைப் பார்த்தபோது மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அவனுடைய ரோஜாவை விசாரிக்காமல் திரும்பி வந்தான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய சண்டை. பாவம் டாட்டர்சல், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்தான்.

கடைசியாகக் கார் கொட்டகையையே இடித்துவிடுவது என்று முடிவெடுத்தான். ஓரத்தில் நின்ற பிர்ச் மரம் ஒன்றுதான் இடைஞ்சல். அதையும் அத்தையிடம் ஆசையாகச் சொன்னான். இரண்டு நாளில் பிரிட்சர்ட் வந்து நின்றார்.

ரோலண்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இனி கட்ட இடமே இல்ல சார். எங்க அத்தை செஞ்ச உதவிக்கு நான் வேற என்னத்தைத் திருப்பிச் செய்வேன்? யாரு சார் உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் போன் பண்றது?"

பிரிட்சர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேரைச் சொல்லக்கூடாது சார். ஆனா உங்க மேல அவங்களுக்கு உசிரு. 'மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியவேணாம், தங்கமான பையன், மனசு ஒடஞ்சுபோயிடுவான்'னு ஒவ்வொரு தடவையும் கெஞ்சறாங்க."