பம்பர் அண்ணையின் ரோபோச் சூரன்

ஜப்பானிய ரோபோ ஒன்றுக்கு உரிமை கேட்டு வந்த இரண்டு சட்டத்தரணிகளுக்குத் தலைப்பாகை கட்டி, வடையும் பாயசமும் கொடுத்து, ஒரே பின்னேரத்தில் வழக்கை முடித்து அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சிட்னி, பென்டில் ஹில் பம்பர் அண்ணை. வேறு யாராவது இருப்பதாக நீங்கள் எனக்கு எழுதி அனுப்பலாம். நான் நம்பப்போவதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மறந்துவிட்டார்கள். அடிபட்ட கார்களின் உடம்பை நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கிற கராஜ் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே கழற்றி எறிகிற பழைய பம்பர்களை எல்லாம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் வீட்டில் பூந்தொட்டி பம்பர், குசினித் தட்டு பம்பர், நாய்க்கூடும் பம்பர். முதல்தடவை போனபோது ஒரு வழவழப்பான கதிரையில் என்னை இருத்தினார். நல்ல சொகுசாக இருக்கிறதே, எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"நீ இருக்கிறது ராக்சிப் பம்பரில, தம்பி. பின்பக்கம்."

அகதியாகப் படகில் அவுஸ்திரேலியாவுக்கு வந்த மனிதர். முகாமில் அடைத்து வைத்திருந்த காலத்தில் பொழுதுபோக்க அங்கே ரிவி ஒன்றுதான் இருந்தது. அதில் காலையில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஆங்கிலக் குரலோடு போகும். ரைகாரோன் என்று பெயர். மலை உயரத்தில் ஒரு இரும்பு ரோபோ. உள்ளே ஒரு பைலட் இருந்து அதை ஓட்டுவான். அது விமானமாகப் பறக்கும், மிருகமாக ஓடும், மனிதனாக எழுந்து நின்று சண்டை பிடிக்கும். பம்பர் அண்ணைக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அந்த ரோபோவுக்குக் கட்டளை போடுகிற தளபதியிடம் கற்றது.

கராஜுக்கு யாராவது அடிபட்ட காரைக் கொண்டுவந்தால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "டமேஜ் ரிப்போர்ட்!" என்பார். டொக்டரின் அறைக் கதவைத் தட்டி, "பெர்மிஷன் டு என்டர், கொமாண்டர்!" என்று கேட்பார். ரெயின் புறப்படுகிற நேரம் பெட்டிக்குள் நின்று "லோஞ்ச்!" என்று ஒரு சத்தம் போடுவார். பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரர்கள் முதலில் திடுக்கிடுவார்கள், பிறகு சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். ரெயின் சரியான நேரத்துக்குப் புறப்பட்டதே தன்னால்தான் என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்த மனிதரிடம் எங்கள் கோயில் சூரனைக் கொடுத்தது யார் பிழை என்று இன்றைக்கும் சிலர் கேட்பதுண்டு. சூரனின் பிழைதான். எங்களுடையது ஒரு சின்ன முருகன் கோயில். முன்பு மரச்சாமான் வைத்திருந்த கட்டடம். கந்தசஷ்டி முடிவில் சூரன்போர் நடக்கும். பெரிய சூரன் பொம்மையைத் தோளில் தூக்கி இளைஞர்கள் ஆட்டுவார்கள். சூரன் யானைமுகத்தோடு வருவான், தோற்பான், சிங்கமுகத்தோடு வருவான், தோற்பான், கடைசியில் தன் சொந்த முகத்தோடு வந்து வேலுக்கு முன்னால் அடங்குவான். எங்கள் பழைய சூரனின் தும்பிக்கை, வீடு கூட்டுகிற வக்கூம் கிளீனரின் குழாய். ஒரு வருடம் ஆட்டத்தின் நடுவில் அது கழன்று போய்த் தலைவர் அங்கிளின் கன்னத்தில் அறைந்தது. தலைவர் அங்கிள் ஓய்வு பெற்ற பொறியியலாளர். கோயில் சபையின் நிரந்தரத் தலைவர். கன்னத்தைத் தடவிக்கொண்டே, புதுச் சூரன் செய்யும் பொறுப்பைப் பம்பர் அண்ணையிடம் ஒப்படைத்தார்.

அந்த வருடம் முழுக்கப் பம்பர் அண்ணை வேலை முடிந்து வந்து சூரனோடுதான் இருந்தார். உடம்பு முழுக்கப் பம்பர். கார் பெயின்ற் அடித்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மினுக்கியிருந்தார். யானைத்தலையும் சிங்கத்தலையும் வாயை மூடித் திறந்தன. மூன்றாவது தலையை மூடியிருந்த துணியை எங்களுக்கு முன்னால் இழுத்தபோது தலைவர் அங்கிள் ஒரு அடி பின்னால் போனார். கொம்பு வைத்த தலைக்கவசம், நீலமாக எரிகிற கண்கள். அச்சு அசல் ரைகாரோன்.

"இதென்ன கோதாரி? முருகன் ஜப்பான்காரனோட எதுக்குச் சண்டை பிடிக்கோணும்?" என்று தலைவர் அங்கிள் கத்தினார்.

"யோசியுங்கோ தலைவர். சூரன் என்ன செய்யிறான்? ஆனையா மாறுறான், சிங்கமா மாறுறான். ரைகாரோனும் மாறுறான். ரெண்டும் ஒரே சாமான்தான்."

தலைவர் அங்கிள் யோசித்தார். அதற்குள் வெள்ளோட்டத்தைப் பார்க்க வந்திருந்த பிள்ளைகள் "ரைகாரோன்! ரைகாரோன்!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். கோயிலுக்கு வா என்றால் வயிற்றுவலி வருகிற பிள்ளைகள். உடனே சபை மனம் மாறியது. யாரோ ஒருவர் அந்தத் தொடரின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, 'ரைகாரோன் சூரன்' என்று சுவரொட்டி அடித்தார். வெள்ளோட்ட வீடியோ இணையத்தில் போனது. கீழே பெருமையாக 'ஆக்கம்: பம்பர் அண்ணை' என்று ஆங்கிலத்திலும் போட்டார்கள்.

அப்போது நான் சபைச் செயலாளர். ஆகவே சிட்னி சட்ட நிறுவனத்தின் கடிதத்தை உடைத்தவன் நான்தான். 'அன்புள்ள மிஸ்டர் அண்ணை' என்று தொடங்கியது. ரைகாரோனின் வெளிநாட்டு உரிமை ஒரு அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம், பெயரையும் சின்னத்தையும் உடனே எடுக்கவேண்டும், தலையை எங்களிடம் ஒப்படைக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. பயந்து முடிக்கமுன் மெல்பேர்ணில் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. ரைகாரோனை வரைந்தது தோக்கியோவில் இருக்கும் எங்கள் கம்பெனி, அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு ஒரு உரிமையும் இல்லை, தலையை அவர்களிடம் கொடுத்தால் உங்கள் மீது நாங்கள் வழக்குப் போடுவோம், எங்களிடம் கொடுங்கள். இரண்டு கம்பெனிகளும் இதற்காகப் பல வருடமாக நீதிமன்றம் ஏறி இறங்குகின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

இனிமேல்தான் விஷயம். பம்பர் அண்ணை அப்போது தற்காலிக விசாவில் இருந்தார். நிரந்தர விசாவுக்குப் போட்டிருந்தார், முடிவு வரவில்லை. வழக்கு, நீதிமன்றம் என்று அவர் பெயர் அடிபட்டால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடியால் எல்லோரும் நன்றாகப் பயந்தோம். தலைவர் அங்கிள் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். எப்போதும் அதட்டுகிறவர், அன்று ராக்சிக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மெதுவாகப் பேசினார்.

"பழைய சூரனை இறக்குவம். செய்தது கமிற்றி எண்டு எழுதுறம். உம்மட பேர் வேண்டாம். விசா அலுவல் முடியட்டும், ஐசே."

பம்பர் அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வேண்டாம் தலைவர். செய்தது நான். நான் எண்டே எழுதுங்கோ. படகில வந்து இறங்கேக்கையும் பேரைக் கேட்டவங்கள், உண்மையான பேரைத்தான் சொன்னனான். இப்ப ஒளிக்கிறதோ?"

எனக்கு அவர் மீது கோபம் வந்தது. இப்படி ஒரு பிடிவாதக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதோடு பெருமையாகவும் இருந்தது.

பிறகு இரண்டு கடிதங்களையும் என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினார்.

"அட, இது உபயச் சண்டையெல்லோ!"

உண்மைதான். எங்கள் கோயிலில் சூரன்போர் உபயம், அதாவது அன்றைய திருவிழாவை நடத்துகிற உரிமை, தங்களுக்குத்தான் என்று இரண்டு குடும்பங்கள் கோயில் தொடங்கிய நாளில் இருந்து அடிபடுகின்றன. இரண்டிடமும் நியாயம் இருக்கிறது. ஆகவே இரண்டு குடும்பத் தலைவர்களுக்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தலைப்பாகை கட்டி, இரண்டு தட்டில் ஒரே நேரத்தில் மரியாதை கொடுப்போம். யாருக்கு முதல் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. இந்தக் கலையில் எங்கள் சபையை மிஞ்ச ஆள் கிடையாது.

"எழுது தம்பி," என்றார் பம்பர் அண்ணை. "உங்கட கடிதம் கிடைச்சது. ரெண்டு பேரும் சூரன்போர் அண்டைக்குக் குடும்பத்தோட வந்து, சாப்பிட்டு, கதைச்சு முடிச்சுக்கொண்டு போங்கோ."

"அண்ணை, இது லோயர் கடிதம். இதுக்கு இப்பிடியோ பதில் போடுறது?"

"பிரச்சினை எண்டால் கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்துத்தானே கதைக்கிறது? வேற என்னெண்டு கதைக்கிறது?"

நானும் கோயில் அழைப்பிதழின் ஆங்கிலப் பிரதியையே கொஞ்சம் மாற்றி இருவருக்கும் அனுப்பினேன். அவர்கள் வந்தார்கள் என்பதுதான் அதிசயம். சிட்னி நிறுவனத்தில் இருந்து கறுப்புக் கோட் போட்ட ஒரு இளம் பெண். மெல்பேர்ணில் இருந்து பறந்து வந்த நெட்டையான மனிதர். கார் தரிப்பிடத்தின் இரண்டு மூலையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒரே பொருளுக்கு அடிபடுகிற இரண்டு பேரைக் கண்டதும் தலைவர் அங்கிளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு தட்டு வந்தது. இரண்டு தலையிலும் ஒரே கணத்தில் தலைப்பாகை ஏறியது. சால்வை, மாலை, தேங்காய். மெல்பேர்ண்காரர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு இது ஆதாரப் பொருளா என்று என்னைக் கேட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் பம்பர் அண்ணை அவர்களுக்கு நடுவில் இருந்தார். ரைகாரோனில் எந்தக் கட்டம் பிடிக்கும் என்று அன்பாகக் கேட்டார். அந்தப் பெண் தொடரைப் பார்க்கவில்லை என்றார். நெட்டையரும் பார்க்கவில்லை.

"பாக்காமலே சண்டை பிடிக்கினமோ?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, முழுக்கதையையும் தளபதி ஆங்கிலத்தில் நடித்துக் காட்டத் தொடங்கினார். உழுந்துவடை விமானமானது, பறந்தது, பாயசத்துக்குள் விழுந்தது. பைலட் ஒருவன் தோழர்களைக் காப்பாற்றத் தனியாக நிற்கிற கட்டம் வந்தபோது அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

பிறகு பம்பர் அண்ணை எழுந்து நேராக நின்றார். "ஐ ஆம் த பைலட். ஃபுல் ரெஸ்பொன்சிபிலிட்டி. கோயில் நோ. ஒன்லி மீ," என்றார்.

அவர் சொன்ன தீர்வு இதுதான். தலையை ஒருவரிடமும் கொடுக்க முடியாது. ஆனால் இன்று மாலை முருகன் வேல் விடுவார். மற்ற வருடங்களில் தலைகளைக் கழற்றிப் பத்திரமாக வைப்போம். இந்தத் தலை உண்மையாகவே உடையும். இருவரும் நின்று பார்க்கலாம். பெயரையும் சின்னத்தையும் இப்போதே கிழித்துவிடுவோம். சட்டத்தரணிகள் இருவரும் தலைப்பாகையோடு ஆளுக்கொரு மூலைக்குப் போய்த் தங்கள் தங்கள் ஆட்களோடு தொலைபேசியில் பேசினார்கள். மற்றவனுக்குக் கிடைக்கவில்லை என்பதில் இரண்டு கம்பெனிக்கும் திருப்தி.

அன்றைய சூரன்போர் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. யானைத்தலை போனது, சிங்கத்தலை போனது. நீலக்கண் எரிய ரைகாரோன் எழுந்து ஆடியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. வேல் வந்து தொட்டது. பம்பர் அண்ணை தானே தலையைத் தாங்கிய ஆணியை இழுத்தார். ஒரு வருட உழைப்பு கொங்கிரீட்டில் விழுந்து சிதறியது. அரோகரா என்று கோயில் அதிர்ந்தது. நெட்டையர் கைதட்டிவிட்டு, பிறகு யோசித்துக் கையைக் கீழே போட்டார். பம்பர் அண்ணை சிதறிய துண்டுகளைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

போகும்போது அந்தப் பெண், வேறு பிரதி ஏதும் உண்டா என்று வழமைக்காகக் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. பம்பர் அண்ணை உள்ளே போய்த் தலை வார்த்த அச்சைத் தூக்கிவந்து அவர்கள் முன்னால் சுத்தியலால் அடித்து உடைத்தார்.

"ஏன் அண்ணை?" என்று நான் கடுகடுத்தேன்.

"அவை கேட்டவை. என்னட்டை இருந்தது."

இரண்டு நிறுவனங்களும் விஷயம் முடிந்ததென்று எழுதின. பம்பர் அண்ணைக்கு நிரந்தர விசாவும் கிடைத்தது. அடுத்த வருடம் சூரனுக்கு ஒரு புதுத்தலை வைத்தார். எந்தக் கார்ட்டூனிலும் இல்லாத முகம். முழுக்க அவருடைய சொந்தக் கற்பனை. மீசைக்கு ஒளி விளக்கு, காதுக்குக் கார்க் கண்ணாடி. எங்களுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அதற்கு அடுத்த வருடம் மெல்பேர்ணில் இருந்து ஒரு வீடியோ வந்தது. வெரிபீப் பக்கம் ஒரு மண்டபத்தில் புதிதாகச் சூரன்போர் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளோட்டத்தில் ஆடுகிறது எங்கள் சூரன்! அதே மீசை, அதே காது. தலைவர் அங்கிள் கொதித்தார்.

"இது எங்கட முகம்! பச்சைக் களவு! தம்பி, எடும் லோயரை!"

பம்பர் அண்ணை வீடியோவை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். முகம் இருண்டுகொண்டே போனது. இவருக்கும் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கழுத்து ஆடுது," என்றார். "தூக்கிற பெடியளின்ர தலையில விழப்போகுது."

மறுநாள் விடியவே ஆணிப்பெட்டியோடு என்னையும் காரில் ஏற்றினார். பகல் முழுக்க ஓடி வெரிபீ போய்ச் சேர்ந்தோம். அங்கே சூரன் செய்தவர் எங்களைக் கண்டதும் வெலவெலத்துப் போனார்.

"அண்ணை, உங்கடையைப் பாத்துத்தான் செய்தனான். குறை நினையாதேங்கோ."

"அதை விடும். இந்தப் பக்கத்தைப் பிடியும். இறுக்கிப் பிடியும்," என்று சொல்லிக்கொண்டே பம்பர் அண்ணை சூரனுக்கு அடியில் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து "டமேஜ் ரிப்போர்ட்!" என்று ஒரு அதட்டல் கேட்டது.

பக்கத்தில் நின்ற ஒரு அன்ரி அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் தம்பி உவர்? உங்கட சொந்தமோ?"

"ஓம் அன்ரி," என்றேன். "என்ர அண்ணை."